குளிப்பாட்டும் அறையின் சுடுதண்ணீர்

பண்டாரவளையில் சுடுதண்ணீர்ப் பொயிலர் தொங்கும் சுவர்களை எண்ணினால், பாதிச் சுவரில் ஆணி அடித்தது நானாகத்தான் இருக்கும். பெருமைக்காகச் சொல்லவில்லை என்று சிலர் தொடங்குவார்கள். நான் பெருமைக்குத்தான் சொல்கிறேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவன். வாப்பா மௌத்தாகி, அவரை அடக்கிய கையோடு பதுளை வீதியில் ஓர் இரும்புக் கடையில் சாக்கு மடிக்கச் சேர்ந்தேன். இன்று அதே வீதியில் பைப், டெப், தண்ணீர் டேங்கி, பொயிலர் என்று எல்லாம் விற்கிற கடை என் பெயரில் இருக்கிறது. ஹப்புத்தளைப் பக்கத்துத் தோட்ட பங்களாவில் குளிக்கப் போன துரை, தண்ணீர் சுடவில்லை என்றால் துவாயைக் கட்டிக்கொண்டே போன் எடுப்பது எனக்குத்தான். "ஸனூஸ்" என்று பெயரைச் சொன்னால் போதும், பஸ் கண்டக்டரும் கடை வாசலில் இறக்கிவிடுவான்.

இப்படிப்பட்ட என்னையே ஒரு பொயிலர் மாதக்கணக்கில் அலைக்கழித்தது. அது லரீபா தாத்தா வீட்டுப் பொயிலர். எங்கள் ஆட்கள் அக்காவைத் தாத்தா என்றுதான் கூப்பிடுவோம். அவர் என் கூடப் பிறந்தவர் அல்ல. ஒரே சந்தில் வளர்ந்தோம், என்னைவிடச் சில வயது மூத்தவர், சின்ன வயதில் என் காதைத் திருகிய உரிமை அவருக்கு உண்டு. அவ்வளவுதான் உறவு.

லரீபா தாத்தாவின் வேலை மையித்துக் குளிப்பாட்டுவது. பெண்கள் யாராவது மௌத்தானால் கபன் துணி சுற்றுமுன் உடம்பைக் கழுவிக் கொடுக்க ஒரு பெண் வேண்டும். எங்கள் ஊரில் அது அவர். கூலி வாங்கமாட்டார். அத்தர்க் குப்பியோ சேலையோ கொடுத்தால் திருப்பிக் கொடுத்துவிடுவார். "சாமான் வாங்கப் பழகினா, அடுத்ததுக்கு அவசரப்பட்டு என்ட கை வேகமாப் போயிரும்" என்பார்.

இந்த வேலைக்கு அவர் வந்த விதத்தைச் சொல்லவேண்டும். அவரைக் கட்டிய மாப்பிள்ளை மரக்கறி லொறி ஓட்டியவர். ஒரு மழைநாள் ஹல்துமுல்லை வளைவில் லொறி உருண்டது. கொண்டுவந்த உடம்பைப் பார்த்த ஆண்கள், மேலால் தண்ணீர் தெளித்துத் துணி சுற்றிவிடலாம் என்று வாசலில் நின்று பேசினார்கள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு லரீபா தாத்தா உள்ளே இருந்து வந்தார். "பொஞ்சாதி குளிப்பாட்டலாமா, ஏலாதா? அதை மட்டும் சொல்லுங்கோ" என்று பள்ளிவாசல் லெப்பையைக் கேட்டார். லெப்பை, "ஏலும்" என்றார். "அப்ப எல்லாரும் வெளிய நில்லுங்கோ."

கதவைச் சாத்திக்கொண்டு தனியாகக் கழுவினார். நான் அப்போது வாலிபன். குசினியிலிருந்து சுடுதண்ணீர்க் கேத்தலைக் கொண்டுபோய்க் கதவிடுக்கால் கொடுத்தவன் நான்தான். உள்ளேயிருந்து அழுகைச் சத்தம் வரவில்லை. தண்ணீர்ச் சத்தமும், "கொஞ்சம் பொறுங்கோ, இந்தப் பக்கம் திருப்புறன்" என்று அந்த மனிசனோடு அவர் பேசுகிற சத்தமும்தான் வந்தன. அதற்குப் பிறகு ஊர்ப் பெண்கள் அவரைத்தான் தேடி வந்தார்கள்.

அவருக்கு ஒரு பிடிவாதம். எங்கள் மலைக் குளிரில் குழாய்த் தண்ணீர் பல்லைக் கிட்டவைத்துவிடும். அந்தத் தண்ணீரை மையித்தின் மேல் ஊற்றவே மாட்டார். பிறந்த பிள்ளையைக் குளிப்பாட்டப் பார்க்கிற சூடு, அதற்குக் கூடவும் ஆகாது, குறையவும் ஆகாது. முன்கையின் உட்பக்கத்தில் கொஞ்சம் விட்டுப் பார்த்துத்தான் ஊற்றுவார். ஊற்றும்போது தண்ணீர் அடிக்கக்கூடாது. ஒரு கையை உடம்பில் வைத்து, அந்தக் கையின் மேல் தண்ணீரை விட்டு வழியச் செய்வார். உயிரோடு இருப்பவரைத் தொடுவதுபோல மையித்தைத் தொடவேண்டும் என்பது எங்கள் மார்க்கம். பலர் சொல்வோம். அவர் செய்தார்.

அப்படிப்பட்டவருக்குக் கொரோனா வருஷத்தில் ஓர் அடி விழுந்தது. கொழும்பில் கட்டிக்கொடுத்த தங்கச்சி ஆஸ்பத்திரியில் மௌத்தானார். நாட்டில் அப்போது இருந்த கட்டளைப்படி கழுவவில்லை, கபனிடவில்லை, அடக்கவில்லை. எரித்தார்கள். அந்த நாட்களில் எங்கள் சனம் பட்டதை இங்கே விரிக்கப் போவதில்லை. பட்டவர்களுக்குத் தெரியும். செய்தி கேட்டு நான் தாத்தா வீட்டுக்குப் போனபோது, அவர் குசினியில் ஒரு பானைச் சுடுதண்ணீரை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இலந்தை இலை கசக்கிப் போட்டிருந்தது. மையித்துக் கழுவ எடுக்கிற இலை அது. இந்தக் குளிரில் அந்த மரம் வளராது. வெல்லவாயப் பக்கம் இருந்து யாராவது கொண்டுவந்தால்தான் உண்டு. தண்ணீரில் ஆவி எழும்பியது, பிறகு குறைந்தது, பிறகு நின்றது. அதன்பின் எழும்பிப் போய் அதைக் கொல்லையில் ஊற்றிவிட்டு வந்து, "பிளேன்டி குடிக்கிறியா?" என்று கேட்டார்.

பொயிலர் வந்தது அதற்குப் பிறகு. டவுனில் கடைகளுக்கு மேலே அறை எடுத்து இருக்கிற குடும்பங்கள் அதிகம். மையித்தைக் கிடத்திக் கழுவும் பலகை அந்த ஒடுங்கிய படிகளில் ஏறாது. ஆகவே லரீபா தாத்தா வீட்டின் பின்சுவரோடு ஒட்டிப் பெண் மையித்துகளைக் கழுவ ஓர் அறை கட்டினோம். அவருடைய உயிர்ச் சிநேகிதி றஷீதாவின் மகன் மிப்ரான் கட்டாரில் வேலை. அவன் அனுப்பிய பொயிலரை நான் என் கையால் பூட்டினேன். கேஸில் எரிவது. புகைக்கும் கேஸுக்கும் பயந்து அதை அறைக்கு வெளியே, தகரத் தாழ்வாரத்தின் கீழ் சுவரில் மாட்டினேன். பைப் சுவரைத் துளைத்து உள்ளே டெப்புக்குப் போகும். அதே பொயிலரிலிருந்து தாத்தாவின் குளியலறைக்கும் ஒரு பைப் கொடுத்தேன். இரண்டு வருஷத்துக்கு மேல் ஒரு சத்தம் இல்லாமல் வேலை செய்தது. நான் பூட்டியது அப்படித்தான் இருக்கும்.

போன வருஷம்தான் போன் வந்தது.

"ஸனூஸ், ஒன்ட பொயிலருக்குப் பைத்தியம் புடிச்சீக்கி."

"பொயிலருக்குப் பைத்தியம் புடிக்காது தாத்தா, பாவிக்கிற ஆளுக்குத்தான் புடிக்கும்."

"வாய் மட்டும் கத்தி. வந்து பாரு."

நடந்தது என்னவென்றால், பேக்கரிக்காரரின் உம்மாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருக்கும்போது தண்ணீர் திடீரென்று கொதித்து வந்திருக்கிறது. பிறகு 'டக்' என்று பொயிலர் அணைந்து, வந்ததெல்லாம் ஐஸ் தண்ணீர். கொஞ்ச நேரம் விட்டுப் பற்றவைத்தால் எரியுமாம். திரும்பவும் கொதித்து அணையுமாம்.

நானும் என் கடையில் வேலை செய்யும் சுரேஸும் போனோம். சுரேஸ் ஹல்துமுல்லைத் தோட்டத்துப் பிள்ளை. பிள்ளை என்று சொன்னாலும் பேரன் கண்டுவிட்டான். டெப்பைத் திறந்தோம். பொயிலர் பற்றிக்கொண்டு நீலமாக எரிந்தது. தாத்தா தந்த பிளேன்டியைக் குடித்து முடிக்கும்வரை எரிந்தது. தண்ணீர் ஒரே சூட்டில் வந்தது.

இந்த வகைப் பொயிலரின் சங்கதி மிகச் சுலபம். உள்ளே செம்புக் குழாய் சுருண்டு கிடக்கும், கீழே நெருப்பு. தண்ணீர் வேகமாக ஓடினால் சூட்டையும் தூக்கிக்கொண்டு போய்விடும். தண்ணீர் மெதுவானால் அந்தக் குழாய்க்குள்ளேயே நின்று கொதிக்கும். அளவு மீறினால் ஒரு சின்னப் பொத்தான் அதை உணர்ந்து கேஸை வெட்டிவிடும். ஆளைக் காப்பாற்றத்தான் வெட்டுகிறது. ஆகவே கொதித்து அணைகிறது என்றால், எங்கேயோ தண்ணீர் குறைகிறது என்று அர்த்தம். இது எனக்குத் தூக்கத்திலும் தெரியும். தண்ணீர் நுழைகிற இடத்தில் இருக்கும் வலையைக் கழற்றினேன். கொஞ்சம் மணல் இருந்தது. தட்டிக் கழுவினேன். டேங்கியில் ஏறிப் பார்த்தேன், நிறைந்திருந்தது. பற்றரி புதிது போட்டேன்.

அடுத்த மௌத்துக்குத் திரும்பவும் அணைந்தது.

திரும்பப் போனோம். செம்புக் குழாய்க்குள் வினாகிரி விட்டு ஊறவைத்து உப்புப் படையைக் கரைத்தேன். கேஸ் ரெகுலேட்டரை மாற்றினேன். சூட்டை உணரும் அந்தப் பொத்தானையும் கழற்றி வீசிவிட்டுப் புதிது போட்டேன். டெப்பைத் திறந்துவிட்டு முன்னால் கதிரை போட்டு உட்கார்ந்தேன். சொல்லுக் கேட்கிற பிள்ளை மாதிரி அணையாமல் எரிந்தது.

சுரேஸ் சொன்னான்: "மொதலாளி, ஒங்களக் கண்டாத்தான் இது நல்ல புள்ளையா நடக்குதுங்க. ஒங்க போட்டோ ஒன்ன இங்கன மாட்டிட்டுப் போயிருவமா?"

"ஒன்ட போட்டோவ மாட்டு. பயத்துல தண்ணியே வராது."

சிரித்தோமே தவிர எனக்கு உள்ளே எரிந்தது. சந்தில் கதை பரவத் தொடங்கியிருந்தது. மையித்து வந்தால் மட்டும் அணைகிறதாம், அறையில் ஜின் இருக்கிறதாம். ஸனூஸ் பூட்டிய பொயிலரில் ஜின்! ஐம்பது வருஷம் கட்டிய பெயர் அது.

ஆனால் என் பெயரைவிடப் பெரிய ஒன்று அங்கே ஆடிக்கொண்டிருந்தது என்று அன்று சாமான் பெட்டியை மூடும்போதுதான் விளங்கியது. லரீபா தாத்தா வாசற்படியில் உட்கார்ந்து, இரண்டு கையையும் முந்தானைக்குள் வைத்துக்கொண்டு கேட்டார்.

"ஸனூஸ், உண்மையச் சொல்லு. பொயிலர்ல கோளாறு இல்லதானே?"

"நான் பார்த்த மட்டும் இல்ல தாத்தா."

"அப்ப கோளாறு என்னிலதான்."

"என்ன பேச்சு இது?"

"நீ தொட்டா எரியுது. நான் சும்மா குளிச்சாலும் எரியுது. மையித்துக்கு நான் தண்ணி எடுத்தா மட்டும் அணையுது. கூடப் பொறந்த தங்கச்சிக்கு ஒரு துளி ஊத்தாத கை இது. இந்தக் கையால செய்றத அல்லாஹ் ஏத்துக்கொள்றான் இல்ல போல. நிப்பாட்டிக்கொள்ளச் சொல்றான் போல."

எதற்கும் வாயில் ஒரு பதில் வைத்திருப்பவன் நான். அன்று, "செம்புக் குழாய்க்கு ஈமான் உள்ளவனும் தெரியாது, இல்லாதவனும் தெரியாது தாத்தா" என்று எதையோ சொல்லிவிட்டு வந்தேன். அவர் முகம் மாறவில்லை.

இந்த நிலையில்தான் றஷீதா மௌத்தானார்.

றஷீதா கல்முனையில் பிறந்து, இங்கே துணிக்கடைக்காரருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். கடற்கரை வெயிலில் வளர்ந்த உடம்பு. பேரப்பிள்ளை கண்ட பிறகும் எங்கள் குளிருக்கு அவர் பழகவே இல்லை. சித்திரை மாதத்திலும் ஸ்வெட்டர். லரீபா தாத்தாவும் அவரும் எதிரெதிர் வீடு, ஒரு நாள் சண்டை, ஒரு நாள் சமாதானம். சீனி வருத்தம் முற்றிக் கட்டிலோடு கிடந்தபோது, அவர் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டிருக்கிறார்: "லரீபா, என்னை நீதான் குளிப்பாட்டணும். பச்சத் தண்ணிய ஊத்திப் போட்டுடாத. என்னால குளிர் தாங்க ஏலா." தாத்தாவும் வாக்குக் கொடுத்திருக்கிறார்.

விடியற்காலை சுபஹுத் தொழுகைக்குப் பிறகு உயிர் போனது. பின்னேர அஸர்த் தொழுகைக்கு முன் அடக்கம் என்று பள்ளிவாசலில் அறிவித்தார்கள். காலையிலிருந்து மழை, மலை தெரியாத மூட்டம். தாத்தா போனில் சுருக்கமாகச் சொன்னார்: "வா. நான் உள்ள இருப்பன். நீ வெளிய பொயிலர விட்டு அசையப்படாது."

சுரேஸையும் கூட்டிக்கொண்டு போய்த் தாழ்வாரத்தின் கீழ் நின்றேன். முன்வாசலில் ஆண்கள் யாசீன் ஓதிக்கொண்டிருந்தார்கள். அறைக் கதவு சாத்தியிருந்தது. பெண் மையித்து உள்ளே இருக்கும்போது ஆண் கால் வைக்க முடியாது. ஆகவே எனக்கும் அந்த அறைக்கும் நடுவில் ஒரு சுவர். சுவருக்கு மேலே காற்றுக்கு விட்ட இடைவெளியால் பேச்சுக் கேட்கும். உள்ளே தாத்தாவோடு றஷீதாவின் மருமகள் முஷ்ரிபாவும் இன்னும் இரண்டு பெண்களும் இருந்தார்கள்.

"முஷ்ரிபா, நீ அந்த மூலையில நில்லு. ஒன்ட கை நடுங்குது" என்று தாத்தா சொல்வது கேட்டது. முஷ்ரிபா வளர்ந்த பிள்ளைகளின் தாய். ஆனாலும் மையித்தைக் கண்டால் மயங்கிவிடுவாள் என்று பெயர். குளிப்பாட்டும்போது வேறு யாரையும் தாத்தா கோப்பையைத் தொடவிட்டதும் இல்லை. அவசரக் கைக்காரிகள் என்பார்.

"பிஸ்மில்லாஹ்" என்று குரல் வந்தது. டெப் திறந்தது. பொயிலர் பற்றிக்கொண்டது. சின்னக் கண்ணாடியால் நெருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முதலில் நன்றாகத்தான் எரிந்தது. கொஞ்ச நேரத்தில் உள்ளே குழாய் முனகத் தொடங்கியது. பிறகு சட்டி கொதிக்கிற மாதிரி கடகடவென்று ஒரு சத்தம். உள்ளே ஒரு பெண் "அல்லாஹ்!" என்று கத்தினாள். டக். நெருப்பு அணைந்தது.

"தாத்தா! யாருக்குப் பட்டிச்சு?"

"எனக்குத்தான். கையில பார்த்துக்கிட்டுத்தானே ஈந்தன். மையித்துல படல்ல." குரல் கட்டையாக இருந்தது. "பத்தவை."

பற்றவைத்தேன். திரும்பவும் முனகல், கடகடப்பு, டக்.

முன்வாசலிலிருந்து ஒருவர் குடையோடு வந்து மெதுவாகச் சொன்னார்: "லரீபா தாத்தாட்டச் சொல்லுங்கோ, பச்சத் தண்ணியில முடிக்கலாம், மார்க்கத்துல குறையில்லயாம். நேரம் போகுது."

உள்ளே அது கேட்டுவிட்டது.

"மார்க்கத்துல குறையில்ல" என்றார் தாத்தா. "நான் குடுத்த வாக்குலதான் குறை."

பிறகு பெண்களிடம் பேசுகிற குரல் கேட்டது. "வேற யாரையும் கூப்பிடுங்கோ. நான் தொடுற மட்டும் இது எரியப்போறதில்ல. என்னால றஷீதா குளிர்ல கிடக்க வேணாம்."

என் வாழ்க்கையில் எத்தனையோ பொயிலர் பார்த்திருக்கிறேன். அப்படி ஒரு கணம் பார்த்ததில்லை. பக்கத்தில் சுரேஸ் தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"மீரியபெத்தயில மண்ணு சரிஞ்சப்ப எங்க அத்தைக்கு ஒடம்பே கெடைக்கல மொதலாளி" என்றான், என்னைப் பார்க்காமல். "குளிப்பாட்ட ஒடம்பு இருக்கு, ஆளு இருக்கு, தண்ணி இருக்கு. எப்புடியாச்சும் பாருங்க."

எங்கே பார்ப்பது? டேங்கி நிறைய இருக்கிறது. வலை சுத்தம். குழாய் சுத்தம். என் கண்ணுக்கு எட்டிய இடத்தில் எங்கேயும் தண்ணீர் குறையவில்லை. எட்டாத இடம் ஒன்றுதான். சுவருக்கு அந்தப் பக்கம். குனிந்து சுவரின் அடியைப் பார்த்தேன். அறைத் தண்ணீர் வெளியே வந்து விழுகிற கான் அங்கே இருக்கிறது. டெப்பைத் திறந்தால் அந்தக் கானில் தண்ணீர் துள்ளிக்கொண்டு பாயும். நான் சோதித்த நாட்களில் என் செருப்பையே நனைத்திருக்கிறது. இப்போது சிமெந்தில் ஒரு நூல் மாதிரித்தான் ஊர்ந்தது.

"தாத்தா, பச்சத் தண்ணி டெப்ப ஒரு சொட்டு இல்லாம மூடுங்கோ. சுடுதண்ணி டெப்ப முழுசாத் திறங்கோ. நான் பத்தவைக்கமாட்டன், சும்மா பார்க்கத்தான்."

"முழுசாத்தான் திறந்தீக்கி."

"முழுசாத் திறந்தா இந்தக் கான் நெறயணும் தாத்தா. இங்க எலி ஒண்ணுக்குப் போன மாதிரி வருது. டெப்பு வாயில என்ன ஈக்கி?"

மேலே இருந்த இடைவெளிக்குக் காதைக் கொடுத்தேன்.

"தாத்தா?"

"ஹோஸ் பூட்டியீக்கி."

"ஹோஸா? நான் வந்த நேரமெல்லாம் ஹோஸ் இருக்கல்லயே?"

"மையித்துக்கு மட்டும்தான் பூட்டுவன். பொறகு கழட்டிச் சுருட்டி வெச்சிருவன்."

"ஹோஸ் வாய் திறந்துதானே ஈக்கி?"

"கபன் துணியில ஒரு துண்டு கட்டியீக்கி. நாலா மடிச்சு."

"ஏன்?"

"கட்டாட்டி தண்ணி அறையுது ஸனூஸ். முகத்துல அறையுது. துணியால வந்தா மெல்லமா, பஞ்சு மாதிரி வருது."

அவ்வளவுதான் ஜின். நாலாக மடித்த வெள்ளைத் துணி. அந்தத் துணிக்குப் பின்னால் தண்ணீர் தேங்கி நின்று, செம்புக் குழாய்க்குள்ளே கொதித்து, பொயிலர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்திருக்கிறது. குளிப்பாட்டி முடிந்ததும் துணியை மற்றக் கழிவோடு மண்ணில் புதைத்துவிடுவார், ஹோஸைச் சுருட்டிவிடுவார். நான் வந்து திறக்கும்போது வெறும் டெப்.

"தாத்தா, கோளாறு ஒங்களிலயும் இல்ல, பொயிலர்லயும் இல்ல. துணிய அவிழுங்கோ. தண்ணி ஓடட்டும். அது எரியும். நான் பொறுப்பு."

"அவிழ்த்தா அறையுமே?"

"அப்ப ஹோஸ் எதுக்கு? டெப்ப முழுசாத் திறந்து வாளியில புடிங்கோ. முந்தி மாதிரி பச்சத் தண்ணி கலந்து கோப்பையால அள்ளி ஊத்துங்கோ. ஏன் அத விட்டீங்க?"

மழை தகரத்தில் அடித்தது. முன்வாசல் யாசீன் சத்தம் கேட்டது. எனக்கு ஏனென்று தெரியாமலே, கேட்டிருக்கக்கூடாத ஒன்றைக் கேட்டுவிட்டதுபோல் இருந்தது.

"எனக்குக் கோப்பை தூக்க ஏலா ஸனூஸ்" என்றார் லரீபா தாத்தா. "பெருவெரல் மடங்குது இல்ல. மணிக்கட்டுல புடி இல்ல. நோன்புக்கு முந்தி ஒரு மையித்துட நெஞ்சுல கோப்பைய விட்டுட்டன். அண்டைக்குத்தான் ஹோஸ் வாங்கினன்."

கைகளை அவர் ஏன் எப்போதும் முந்தானைக்குள் வைத்திருந்தார் என்று நான் யோசித்ததே இல்லை. யாரிடமும் அவர் சொல்லவில்லை. சொன்னால், "போதும், ஓய்வெடுங்கோ" என்று அன்போடு ஒதுக்கிவிடுவார்கள். வேறு ஒருத்தி வந்து தண்ணீரை அடித்து ஊற்றுவாள். அந்தப் பயத்தை ஒரு துண்டுத் துணிக்குள் கட்டி வைத்திருந்தார்.

முதலில் பேசியது முஷ்ரிபா. "பெரியும்மா, நான் ஊத்துறன்."

"நீ மயங்கிருவ."

"மயங்கினா எழும்பி ஊத்துறன். நீங்க சொல்லித் தாங்கோ."

வாளி இழுபடும் சத்தம். ஹோஸ் தரையில் விழும் சத்தம். பிறகு டெப் திறந்தது. என் காலடியில் இருந்த கானுக்கு இப்போது வேலை இல்லை. தண்ணீர் எல்லாம் வாளிக்குள் விழுந்தது. அந்தச் சத்தமே முழுசாக இருந்தது. பொயிலரைப் பற்றவைத்தேன். நீலமாக எரிந்தது. முனகவில்லை. வாளி நிறைந்தது. கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல் நின்றேன்.

"கலந்தாச்சா? இங்க கொண்டா, என்ட கையில விடு. அந்தப் புண்ணுல இல்ல, மத்தக் கையில. இன்னும் கொஞ்சம் சுடுதண்ணி. ம். இதுதான். இந்தச் சூட்ட ஞாபகம் வெச்சுக்க." பிறகு குரல் மாறியது. என்னோடும் பொயிலரோடும் பேசுகிற குரல் அல்ல அது. அன்று கதவிடுக்கால் நான் கேத்தல் கொடுத்தபோது கேட்ட குரல். "றஷீதா, தண்ணி ஊத்தப் போறோம். குளிராது."

"இப்ப ஊத்து. உயர்த்தாத. என்ட கை எங்க ஈக்கிதோ அங்க ஊத்து. கை மேல, உடம்புல இல்ல. மெல்ல. மெல்ல. ஓடட்டும். ஆ... அப்புடித்தான். கை நடுங்கினா நடுங்கட்டும், தண்ணி நடுங்காம பார்த்துக்க."

வெறும் தண்ணீர், பிறகு இலந்தை இலைத் தண்ணீர், கடைசியில் கற்பூரம் கலந்தது. ஒவ்வொரு முறையும் கானில் அது மெதுவாக வழிந்து வந்தது. சூடு இருந்தது, குளிரில் அதிலிருந்து ஆவி எழும்பியது. கற்பூர வாசம் தாழ்வாரத்தை நிறைத்தது. சுரேஸ் தலையைக் குனிந்துகொண்டு, அவன் முறைப்படி இரு கையையும் கூப்பி நின்றான். பொயிலர் ஒரு தடவைகூட அணையவில்லை. முஷ்ரிபாவும் மயங்கவில்லை.

முடியைப் பின்னி, கபன் சுற்றி, கதவைத் திறந்தபோது அஸருக்கு இன்னும் நேரம் இருந்தது. மகன் மிப்ரான் கட்டாரிலிருந்து போனில் முகம் பார்த்தான். "உம்மாக்குக் குளிர்ந்திச்சா?" என்று சின்னப் பிள்ளை மாதிரிக் கேட்டானாம். முஷ்ரிபா, "இல்ல, நான்தான் ஊத்தினன்" என்று சொன்னாளாம். மையித்தை வைத்த சந்தூக்குப் பெட்டியைத் தூக்கியவர்களில் நானும் ஒருவன். இந்த வயதிலும் மையவாடி ஏற்றம்வரை தோள் மாற்றாமல் போனேன்.

அடக்கிவிட்டுத் திரும்பி வரும்போது, தேத்தண்ணிக் கடையில் கேட்டார்கள், பொயிலரில் என்ன கோளாறு என்று. எந்த வேலையையும் ஆணி முதல் நட் வரை விவரித்துச் சொல்பவன் நான். அன்று "வால்வு" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தேன். ஆனால் எனக்கு முன்னாலேயே லரீபா தாத்தா, குளிப்பாட்டி முடித்த கையோடு, கூடியிருந்த பெண்களுக்கெல்லாம் கையை நீட்டிக் காட்டிவிட்டார் என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. ஆகவேதான் இதை எழுதுகிறேன். அவர் மறைக்காததை நான் மறைக்கத் தேவையில்லை.

பின்னேரம் கேஸை மூடச் சுரேஸோடு அவர் வீட்டுக்குப் போனேன். படியில் உட்கார்ந்திருந்தார். சுட்ட முன்கையில் தேன் பூசியிருந்தது. இரண்டு கையும் மடியில், முந்தானைக்கு வெளியே கிடந்தன. மூட்டுகள் வீங்கி, விரல்கள் ஒரு பக்கம் சாய்ந்திருந்தன.

"தாத்தா, நான் யோசிச்சன். பூவாளி வாய் மாதிரி அகலமா ஒண்டு செஞ்சு தாறன். தண்ணியும் நெறைய வரும், மெல்லமாவும் வரும். பொயிலரும் அணையாது. ஹோஸ்லயே நீங்க தனியா செய்யலாம். பண்டாரவளையில வேற ஒருத்தனுக்கு இது செய்யத் தெரியாது."

என்னைப் பார்த்தார். சிரித்த மாதிரி இருந்தது.

"ஒன்ட கெட்டித்தனம் எனக்குத் தெரியும்டா. வேணாம். முஷ்ரிபா ஊத்தக்குள்ள பார்த்தன். என்ட ரெண்டு கையும் சும்மா ஈந்திச்சு. றஷீதாட தலைய ரெண்டு கையாலயும் ஏந்திக்கிட்டு ஈந்தன். முந்தி ஒரு கையில கோப்பை, மத்தக் கை தண்ணிக்குக் கீழ. யாரையும் அப்புடி ஏந்தினதில்ல. இனி அந்த வேலைதான் எனக்கு."

உள்ளே போய் ஹோஸைச் சுருட்டி எடுத்து வந்தேன். நல்ல ஹோஸ், என் கடையில் வாங்கியதுதான். அதைக் கேட்காமலே சுரேஸிடம் கொடுத்து மோட்டார் சைக்கிளில் கட்டச் சொன்னேன்.